நெஞ்சில் அடி, விலா எலும்பு முறிவு: மரத்தடியிலிருந்து ஆபரேஷன் தியேட்டர் வரை

தென்னையிலிருந்தோ பனையிலிருந்தோ விழுந்தவர், களியக்காவிளை ரோட்டில் பைக்கோடு சரிந்தவர், அலை தூக்கிப்போட்டு வள்ளத்தின் விளிம்பில் நெஞ்சு மோதியவர். குமரி மாவட்டத்தில் விலா எலும்பு முறிவு பெரும்பாலும் இப்படித்தான் வீட்டுக்குள் வருகிறது. அப்படி ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால் என்ன செய்வது, எதைச் செய்யக்கூடாது, ஆஸ்பத்திரியில் எதைக் கேட்பது, தகடு வைத்து ஆபரேஷன் செய்யலாம் என்று டாக்டர் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்பதை வரிசையாகச் சொல்கிறோம். கூட நிற்பவருக்காக எழுதியது. வார்டுக்குப் புதிதாக வந்த நர்ஸுக்கும் பயிற்சி மருத்துவருக்கும் உதவும்.

விலா எலும்பு தானாகக் கூடும் எலும்பு. ஆறு முதல் எட்டு வாரத்தில் பெரும்பாலும் கூடிவிடும். அதுவரை மூச்சைக் காப்பாற்றுவதுதான் வேலை. முறிந்த இடம் ஒவ்வொரு மூச்சுக்கும் அசையும், அசைந்தால் வலிக்கும். வலிக்குப் பயந்து ஆள் மேலோட்டமாக மூச்சு விடுவார், இருமலை அடக்குவார். சளி நுரையீரலின் அடிப்பாகத்தில் தேங்கும். அந்தப் பகுதி காற்றில்லாமல் சுருங்கி, கிருமி பிடித்து நிமோனியாவாகும். முதல் நாள் எழுந்து உட்கார்ந்து பேசியவர் மூன்றாம் நாளோ நான்காம் நாளோ மூச்சு வாங்கி ஐ.சி.யூ.வுக்குப் போவது இப்படித்தான். கீழே சொல்லப்படும் மாத்திரை, ஊசி, குழாய், தகடு எல்லாம் ஒரே நோக்கத்துக்காக: அவர் ஆழமாக மூச்சு இழுக்க வேண்டும், பலமாக இரும வேண்டும்.

விழுந்த இடத்தில்

108-ஐ அழையுங்கள். மரத்திலிருந்து விழுந்தவருக்குக் கழுத்து எலும்பும் முதுகெலும்பும் உடைந்திருக்கும் என்றே முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். கையையும் காலையும் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் மடக்கி வைக்காதீர்கள். தலை, கழுத்து, உடல் மூன்றும் ஒரே நேர்கோட்டில் இருக்கும்படி, பலகையிலோ ஆம்புலன்ஸ் ஸ்ட்ரெச்சரிலோ நாலு பேர் சேர்ந்து எடுங்கள். கழுத்திலும் முதுகிலும் வலியே இல்லை, கை கால் நன்றாக அசைகிறது, நெஞ்சில் மட்டும்தான் வலி என்றால் சாய்ந்து உட்கார்ந்தபடி கொண்டுபோகலாம். அப்படி இருந்தால் மூச்சு இழுப்பது லேசாக இருக்கும்.

துண்டையோ சேலையையோ நெஞ்சைச் சுற்றி இறுக்கிக் கட்டாதீர்கள். கட்டினால் வலி கொஞ்சம் அடங்குவது உண்மைதான். ஆனால் நெஞ்சு விரிவதையும் அந்தக் கட்டு நிறுத்திவிடும். அந்தக் காலத்தில் ஆஸ்பத்திரிகளிலேயே பிளாஸ்திரி போட்டுக் கட்டினார்கள். நிமோனியாவைக் கூட்டுகிறது என்று தெரிந்ததும் கைவிட்டார்கள்.

நெஞ்சில் ஓட்டை விழுந்து காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டால், சுத்தமான பிளாஸ்டிக் தாளை அதன்மேல் வைத்து மூன்று பக்கம் மட்டும் ஒட்டுங்கள், நான்காவது பக்கம் திறந்திருக்கட்டும். உள்ளே சேரும் காற்று அந்த வழியாக வெளியேறும். கம்பியோ கம்போ குத்தி நின்றால் பிடுங்காதீர்கள், அதுவே ரத்தக்குழாயை அடைத்துக்கொண்டு நிற்கலாம். தண்ணீர், காப்பி எதுவும் கொடுக்க வேண்டாம்.

இன்னொன்றையும் நம் ஊரில் சொல்லித்தான் ஆக வேண்டும். வர்ம வைத்தியத்துக்குப் பேர்போன மாவட்டம் இது. கை கால் உளுக்குக்கு ஆசானிடம் போய்க் குணமானவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். நெஞ்சு அப்படியல்ல. உடைந்த விலா எலும்பின் முனை கூராக இருக்கும். அதன்மேல் எண்ணெய் விட்டுத் தடவி அழுத்தினால், அதுவரை தப்பியிருந்த நுரையீரலை அந்த முனை குத்தலாம். இடது பக்கம் கீழ் விலா உடைந்திருந்தால் அதன் கீழேதான் மண்ணீரல், வலது பக்கம் கல்லீரல். தடவிக்கொண்டிருக்கும் நேரத்தில் உள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருக்கும். நல்ல ஆசான், நெஞ்சடி என்றதும் படம் எடுத்துவிட்டு வரச் சொல்வார். படம் பார்க்காமல் யாரையும் நெஞ்சில் கைவைக்க விடாதீர்கள். ‘மூச்சுப்பிடிப்புதான், சரியாகிவிடும்’ என்று வீட்டில் படுத்துவிடுவதும் இதே அளவு ஆபத்து. மூச்சுப்பிடிப்பு அடிபடாமல் வரும். அடிபட்ட பிறகு மூச்சு இழுத்தால் குத்துகிறது என்றால், முறிவு இல்லை என்று படம் சொல்லும்வரை அது முறிவுதான்.

ஒரு நிமிடமும் தாமதிக்கக்கூடாத அடையாளங்கள்: நிமிடத்துக்கு 30-க்கு மேல் மூச்சு, உதடு நீலம் பாய்வது, இருமினால் ரத்தம், நெஞ்சின் ஒரு பக்கம் மட்டும் எழும்பாமல் இருப்பது, தோலை அழுத்தினால் உள்ளே நறநறவென்று காற்று நகர்வது, மூச்சு இழுக்கும்போது நெஞ்சின் ஒரு துண்டு மட்டும் உள்ளே போவது.

எந்த ஆஸ்பத்திரி

நெஞ்சில் குழாய் போடும் வசதியுள்ள, மிகப் பக்கத்திலிருக்கும் ஆஸ்பத்திரிக்கு முதலில் போங்கள். ஆசாரிப்பள்ளத்தில் கன்னியாகுமரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மேற்கே இருப்பவர்கள் தக்கலை, குழித்துறை அரசு மருத்துவமனைகளில் முதலுதவி பெற்றுவிட்டு மேலே போகலாம். எடுத்த எடுப்பிலேயே திருவனந்தபுரத்துக்கோ திருநெல்வேலிக்கோ வண்டியைத் திருப்புவது பலருக்குப் பழக்கம். நாகர்கோவிலிலிருந்து இரண்டுமே ஏறத்தாழ 70, 80 கிலோமீட்டர். நுரையீரலுக்கு வெளியே காற்றுச் சேர்ந்துகொண்டிருக்கும் ஆளுக்கு அந்த வழி மிக நீளம். கிளம்புமுன் ஒரே கேள்வி கேளுங்கள்: ‘எக்ஸ்ரே பார்த்தாச்சா? குழாய் போட்டுவிட்டு அனுப்பணுமா?’

சாலை விபத்து என்றால், 2021 டிசம்பர் 18-இல் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை வரம்புக்குட்பட்டு ஏற்கிறது. திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரிகளிலும் இது உண்டு. தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்து நடந்தால் போதும், அடிபட்டவர் எந்த மாநிலத்தவர் என்று பார்ப்பதில்லை. காப்பீட்டு அட்டையும் தேவையில்லை. மரத்திலிருந்து விழுந்தவருக்கு இது பொருந்தாது. அவருக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டையை எடுத்து வையுங்கள். தென்னை ஏறுபவர்களுக்குத் தென்னை வளர்ச்சி வாரியம் ‘கேர சுரக்ஷா’ என்ற விபத்துக் காப்பீடு வைத்திருக்கிறது. விழுந்த பிறகு அதில் சேர முடியாது.

எப்படி அடிபட்டது, எத்தனை மணிக்கு, எவ்வளவு உயரம் என்பதை விபத்துப் பதிவேட்டில் சரியாக எழுதச் சொல்லுங்கள். நஷ்டஈட்டு வழக்கில் பின்னால் கேட்கப்படும் முதல் காகிதம் அது. அஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாத மாத்திரை எடுப்பவரா என்பதையும் கேட்காமலே சொல்லிவிடுங்கள்.

முதல் ஒரு மணி நேரம்

முறிவை எண்ணுவதற்கு முன் டாக்டர் உயிரைப் பார்ப்பார். நுரையீரலுக்கும் நெஞ்சுச் சுவருக்கும் நடுவே காற்று அடைபட்டு இதயத்தை ஒரு பக்கமாகத் தள்ளினால், எக்ஸ்ரேக்குக் காத்திருக்க நேரமில்லை. பெரியவர்களுக்கு நாலாவது அல்லது ஐந்தாவது விலா இடைவெளியில், அக்குளின் நடுக்கோட்டுக்குச் சற்று முன்னால் ஊசி இறக்கிக் காற்றை வெளியேற்றுவார்கள். பிறகு ஐந்தாவது இடைவெளி வாக்கில் குழாய் போடுவார்கள். ரத்தம் தேங்கியிருந்தால் 28 முதல் 32 எண் குழாய் வழக்கம். மெல்லிய குழாய் ரத்தக்கட்டியில் அடைத்துக்கொள்ளும்.

குழாயின் மறுமுனை தண்ணீர் ஊற்றிய பாட்டிலில் 2 செ.மீ. மூழ்கி நிற்கும். இந்த பாட்டிலைப் படிக்கக் கூட நிற்பவர் கற்றுக்கொள்ளலாம். மூச்சுக்கு ஏற்ப குழாயில் தண்ணீர் ஏறி இறங்கினால் குழாய் திறந்திருக்கிறது. இருமும்போது குமிழி வந்தால் காற்று வெளியேறுகிறது. ஏற்ற இறக்கம் திடீரென நின்றால் குழாய் மடங்கியிருக்கலாம், ரத்தக்கட்டி அடைத்திருக்கலாம், நுரையீரல் முழுதாக விரிந்தும் இருக்கலாம். எது என்று நர்ஸ் பார்க்கட்டும். பாட்டில் எப்போதும் நெஞ்சுக்குக் கீழே இருக்க வேண்டும். கட்டிலின் மேல் தூக்கி வைத்தால் தண்ணீர் நெஞ்சுக்குள் திரும்பிப் போகும். வண்டியில் ஏற்றும்போது ‘சிந்தாமல் இருக்கட்டும்’ என்று குழாயைக் கிளிப் போட்டு அடைப்பது பெரிய தவறு. குமிழி வந்துகொண்டிருக்கும் குழாயை அடைத்தால் காற்று மறுபடி உள்ளே அடைபடும்.

குழாய் போட்டவுடன் 1,500 மி.லி. ரத்தம் வந்தாலோ, மணிக்கு 200 மி.லி. வீதம் இரண்டு முதல் நாலு மணி நேரம் வந்துகொண்டே இருந்தாலோ, நெஞ்சைத் திறந்து ரத்தக்கசிவை நிறுத்த வேண்டியிருக்கும். அதனால் பாட்டிலில் எந்த மணிக்கு எந்தக் கோடு என்று டேப் ஒட்டி எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

படங்களில் எக்ஸ்ரே மட்டும் போதாது. விலா முறிவுகளில் பாதியளவு சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாமல் போகும். அல்ட்ராசவுண்டை நெஞ்சிலும் வயிற்றிலும் வைத்து ரத்தமும் காற்றும் இருக்கிறதா என்று சில நிமிடத்தில் பார்த்துவிடலாம். சி.டி. ஸ்கேன்தான் எத்தனை எலும்பு, எத்தனை இடத்தில், எவ்வளவு விலகல் என்று காட்டும். ஆபரேஷன் யோசனை இருந்தால் முப்பரிமாணப் படமும் சேர்த்து வாங்குங்கள். முதல் மூன்று விலா உடைந்திருந்தால் அடி மிகப் பலமானது என்று பொருள், பெரிய ரத்தக்குழாய்களைச் சோதிக்க வேண்டும். ஒன்பது முதல் பன்னிரண்டு வரை உடைந்திருந்தால் கல்லீரல், மண்ணீரல், சிறுநீரகம் பார்க்க வேண்டும். நெஞ்சின் நடு எலும்பு உடைந்திருந்தால் இ.சி.ஜி. கட்டாயம். குழந்தைகளின் விலா வளையும். எலும்பு உடையாமலே நுரையீரல் நசுங்கியிருக்கலாம், ‘முறிவு இல்லை’ என்ற வார்த்தையில் நிம்மதி அடையாதீர்கள். நுரையீரல் நசுக்கம் முதல் படத்தைவிட அடுத்த 24, 48 மணி நேரத்தில்தான் பெரிதாகத் தெரியும்.

ஒரு விலா மட்டும் உடைந்த ஆரோக்கியமான இளைஞர் மாத்திரையோடு வீட்டுக்குப் போகலாம். மூன்றும் அதற்கு மேலும் உடைந்தவர், 65 வயது தாண்டியவர், ஆஸ்துமா அல்லது பீடி சிகரெட்டால் நுரையீரல் கெட்டவர், ரத்தம் உறையாத மாத்திரை எடுப்பவர் ஆகியோரை ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். வயதானவருக்கு உடைந்த எலும்பின் எண்ணிக்கை ஒவ்வொன்று கூடும்போதும் நிமோனியாவும் மரண அபாயமும் கூடுகின்றன. ‘தாத்தாவுக்கு வெறும் மூணு எலும்புதானே’ என்று நினைக்கக்கூடாது.

வலியை அடக்குவது

‘வலி மாத்திரை கிட்னிக்குக் கேடு, பொறுத்துக்கொள்ளட்டும்’ என்பது இந்த நோயில் ஆளைக் கொல்லும் அறிவுரை. பெரியவர்களுக்கு வழக்கமான அடித்தளம் பாராசிட்டமால் 1 கிராம், ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, வலித்தாலும் வலிக்காவிட்டாலும். கல்லீரல் நோய் உள்ளவருக்கும் எடை குறைந்தவருக்கும் டாக்டர் அளவைக் குறைப்பார். சிறுநீரகமும் வயிறும் நன்றாக இருந்தால் டைக்ளோஃபெனாக் வகை சேரும். அதற்கும் அடங்காவிட்டால் ட்ரமடால், மார்ஃபின். மார்ஃபின் வகையை அளவுக்கு மீறி ஏற்றினாலும் தூங்கி மூச்சு குறையும் என்பதால், நாலைந்து முறிவு உள்ளவருக்கு நரம்பைத் தடுக்கும் ஊசிதான் (பிளாக்) சிறந்த வழி. முதுகுத்தண்டின் அருகே மெல்லிய குழாய் வைத்து மரத்துப்போகும் மருந்தை விடாமல் செலுத்துவார்கள். எபிடியூரல் ஒருவகை. முதுகுத் தசைக்கு அடியில் போடும் எரெக்டர் ஸ்பைனே பிளாக் இன்னொரு வகை. இது 2016-இல் வெளியான முறை, எபிடியூரலைவிடப் போடுவது எளிது. ‘மயக்க மருந்து டாக்டர் பிளாக் போடுவாரா?’ என்று முதல் நாளே கேளுங்கள்.

வலி அடங்கியதா என்று படுத்திருக்கும்போது கேட்டு பயனில்லை. இருமச் சொல்லிப் பாருங்கள். இரும முடிந்தால் மருந்து போதும்.

மூச்சுப் பயிற்சிக்கான மூன்று பந்துக் கருவியைக் கிட்டத்தட்ட எல்லோரும் வாங்குகிறார்கள், பலர் தப்பாகப் பிடிக்கிறார்கள். அது ஊதும் கருவியல்ல, உறிஞ்சும் கருவி. நிமிர்ந்து உட்கார்ந்து, மூச்சை முழுதாக விட்டுவிட்டு, வாயில் குழாயை இறுக்கி, மெல்ல உறிஞ்ச வேண்டும். பந்துகளின் மேல் 600, 900, 1200 என்று எழுதியிருக்கும். அது வேகத்தின் கணக்கு. மூன்றையும் ஒரே இழுப்பில் டக்கென்று தூக்கிக் கீழே விடுவதைவிட, இரண்டைத் தூக்கி மூன்று விநாடி நிறுத்துவது நுரையீரலுக்கு நல்லது. விழித்திருக்கும் ஒவ்வொரு மணிக்கும் பத்து தடவை. முடிந்ததும் ஒரு தலையணையை அடிபட்ட பக்கத்தில் அணைத்துப் பிடித்துக்கொண்டு இரண்டு முறை இரும வேண்டும். நேற்று இரண்டு பந்து தூக்கியவர் இன்று ஒன்றுதான் தூக்குகிறார் என்றால், ஆக்சிஜன் அளவு இறங்குவதற்கு முன்பே வரும் எச்சரிக்கை அது. ரவுண்ட்ஸ் வரும்வரை காத்திருக்காமல் உடனே சொல்லுங்கள்.

யாருக்கு ஆபரேஷன்

பெரும்பாலானவர்களுக்கு ஆபரேஷன் தேவைப்படாது. தேவைப்படுபவர்கள் யார் என்பதில் மருத்துவ உலகம் ஓரளவு தெளிவாக இருக்கிறது.

முதல் வகை, அடுத்தடுத்த மூன்று விலாவும் அதற்கு மேலும் ஒவ்வொன்றும் இரண்டு இடத்தில் உடைந்து, நெஞ்சுச் சுவரின் ஒரு துண்டு தனியாகப் பிரிந்து நிற்பது. மூச்சு இழுக்கும்போது நெஞ்சு விரிய, அந்தத் துண்டு மட்டும் உள்ளே அமுங்கும். இரண்டாவது, துண்டு பிரியாவிட்டாலும் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட எலும்புகள் முழுதாக விலகி ஒன்றோடொன்று தொடாமல் நிற்பது. மூன்றாவது, நல்ல வலி மருந்தும் பிளாக்கும் கொடுத்தும் மூச்சு தேறாமல் போவது, வென்டிலேட்டரிலிருந்து எடுக்க முடியாமல் இழுப்பது. நான்காவது, ரத்தக்கசிவுக்காக எப்படியும் நெஞ்சைத் திறக்கிறார்கள் என்றால், மூடுமுன் எலும்பையும் பொருத்திவிடுவது. மாதங்கள் கழிந்தும் கூடாமல் ‘கிளிக்’ என்று சத்தமிட்டு வலிக்கும் எலும்புக்கும் செய்வதுண்டு.

பலன் எவ்வளவு என்பதை மிகைப்படுத்தாமல் சொல்ல வேண்டும். 2002-இல் ஜப்பானில் 37 பேரிடம் செய்த ஆய்வில், தகடு வைத்தவர்கள் வென்டிலேட்டரில் இருந்த நாட்களும் நிமோனியாவும் தெளிவாகக் குறைந்தன. 2022-இல் வெளியான 207 பேர் கொண்ட வட அமெரிக்க ஆய்வு அவ்வளவு தூரம் போகவில்லை: எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் வென்டிலேட்டர் நாட்களில் பெரிய வித்தியாசம் இல்லை, ஏற்கெனவே வென்டிலேட்டரில் இருந்தவர்களுக்குத்தான் பலன் தெரிந்தது. ஆகவே துண்டு பிரிந்து வென்டிலேட்டரில் இருப்பவருக்கு ஆபரேஷன் என்றால் தயங்காதீர்கள். விலகாத மூன்று முறிவோடு நடந்து பேசிக்கொண்டிருப்பவருக்கு ஆபரேஷன் என்றால் ஏன் என்று கேளுங்கள்.

ரத்த அழுத்தம் நிலைக்காதவர், மூளையில் கடும் காயம் உள்ளவர், முதுகெலும்பு நிலையில்லாமல் பக்கவாட்டில் திருப்ப முடியாதவர் ஆகியோருக்கு உடனே செய்யமாட்டார்கள். நுரையீரல் மிக மோசமாக நசுங்கியிருந்தாலும் யோசிப்பார்கள், ஏனென்றால் அங்கே மூச்சைக் கெடுப்பது எலும்பைவிட நுரையீரலே.

நேரம் முக்கியம். முதல் 72 மணி நேரத்துக்குள் செய்வது நல்லது. ஒரு வாரம் தாண்டினால் திசுக்கள் வீங்கி ஒட்டிக்கொள்ளும், முனைகளைச் சுற்றிப் புது எலும்பு படரத் தொடங்கும், உள்ளே தேங்கிய ரத்தம் கட்டியாகும். அதே ஆபரேஷன் இரட்டிப்புக் கஷ்டமாகும். ‘பத்து நாள் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்’ என்று வீட்டில் பேசுவது இங்கே உதவாது. இரண்டாவது கருத்து வேண்டுமென்றால் சி.டி. ஸ்கேன் படங்கள் பதிந்த வட்டை (CD) வாங்கி அன்றைக்கே இன்னொரு டாக்டரிடம் காட்டுங்கள், ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது. எத்தனை தகடு வைக்கப்போகிறார்கள், அதில் எவ்வளவு காப்பீட்டில் அடங்கும் என்பதையும் முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். பில்லில் பெரிய பங்கு டைட்டானியம் தகடுகளுக்கும் திருகுகளுக்கும்தான்.

தியேட்டரில் நடப்பது

ஆறு மணி நேரம் வெறும் வயிறு, ரத்தம் தயார், தோலைக் கீறுவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஊசி. முழு மயக்கம். வலது நுரையீரலையும் இடது நுரையீரலையும் தனித்தனியாக ஊதும் இரட்டைக் குழாயை மயக்க மருந்து டாக்டர் போட்டால், ஆபரேஷன் பக்கத்து நுரையீரலைச் சுருக்கி வைத்துக்கொள்ளலாம். முறிவு பக்கவாட்டில் என்றால் ஒருக்களித்தும், முன்னால் என்றால் மல்லாந்தும், பின்னால் என்றால் குப்புறவும் படுக்கவைப்பார்கள்.

எல்லா முறிவையும் பொருத்த வேண்டியதில்லை. மூன்று முதல் பத்து வரையான விலாக்கள்தான் மூச்சுக்கு முக்கியம். முதல் இரண்டும் பெரிய ரத்தக்குழாய்களை ஒட்டி ஆழத்தில் இருக்கின்றன, பதினொன்றும் பன்னிரண்டும் மூச்சுக்கு அதிகம் உதவுவதில்லை. முதுகெலும்பை ஒட்டி 2.5 செ.மீ.க்குள் இருக்கும் முறிவையும் விட்டுவிடுவார்கள், திருகு பிடிக்க அங்கே இடமில்லை. இரண்டு இடத்தில் உடைந்த விலாவில் இரண்டையும் பொருத்துவது மேல். ஒன்றை மட்டும் பொருத்தினால் சில சமயம் மற்றது விலகும்.

சி.டி.யையும் அல்ட்ராசவுண்டையும் வைத்துத் தோலில் முறிவுகளைக் குறித்துக்கொண்டு, அதற்கு நேர் மேலே கீறுவார்கள். லாட்டிசிமஸ் என்ற அகலமான முதுகுத் தசையை வெட்டாமல் ஒதுக்கி, செரேட்டஸ் தசையை இழை வாக்கில் பிரித்து உள்ளே போவது இன்றைய வழக்கம். தசையை வெட்டினால் தோள் பலம் போகும். செரேட்டஸின் மேல் இறங்கும் நீள நரம்பு அறுந்தால் தோள்பட்டை எலும்பு முதுகில் துருத்திக்கொண்டு நிற்கும், கையை மேலே தூக்க முடியாது. மரம் ஏறுபவருக்கு அது வாழ்நாள் இழப்பு.

சிறு துளை வழியாகக் காமிராவை விட்டு, உள்ளே தேங்கிய ரத்தத்தைக் கழுவி எடுப்பார்கள். பிறகு எலும்பின் தடிமனை அளப்பார்கள். பெரும்பாலும் 8 முதல் 12 மி.மீ. இருக்கும். இந்த அளவில் பிழை வந்தால் எல்லாம் கெடும்: திருகு நீண்டால் நுரையீரலைக் குத்தும், குட்டையானால் எலும்பின் உள்பக்கச் சுவரைப் பிடிக்காது. விலாவின் கீழ் விளிம்பில் நரம்பும் ரத்தக்குழாயும் ஓடுவதால், தகடு வெளிப்பக்கத்தில் உட்காரும். எலும்பை மூடிய மெல்லிய சவ்வை உரிக்காமல் அதன்மேலேயே தகட்டை வைப்பார்கள். எலும்பு கூடுவதற்கான ரத்த ஓட்டம் அந்தச் சவ்வில்தான் இருக்கிறது.

உடைந்த முனைகளை நேராக்கி, வளைவுக்கு ஏற்ற தகட்டை வைத்து, முறிவின் இருபுறமும் குறைந்தது மூன்று திருகு போடுவார்கள். மனிதர் நாளொன்றுக்கு 20,000 தடவைக்கு மேல் மூச்சு விடுகிறார், ஒவ்வொரு மூச்சுக்கும் விலா வளைகிறது. இரண்டு திருகு இந்த வேலையைத் தாங்காமல் தளரும். விறைப்பான பழைய எஃகுத் தகடுகளை விட்டு, எலும்போடு சேர்ந்து சற்று வளையும் டைட்டானியத்துக்கு மாறியதற்கும் இதே காரணம். தோள்பட்டை எலும்புக்கு அடியில் தகடு வைக்க முடியாத இடத்தில், எலும்பின் உட்குழாயில் பட்டையான கம்பி செருகும் முறை உண்டு. சாதாரண உருண்டைக் கம்பியை இதற்குப் பயன்படுத்தக்கூடாது, அது நகர்ந்து நெஞ்சுக்குள் போகும்.

முடிந்ததும் நெஞ்சுக்குள் ஒரு குழாய், தேவைப்பட்டால் தசைக்கடியில் ஒரு சிறு குழாய். மூடுமுன் பிளாக் போட்டுவிட்டால் முதல் இரவு நிம்மதி.

என்னென்ன தவறலாம்

கீறல் சீழ் பிடிப்பது, தகடு தளர்வது, தோல் மரத்துப்போவது, நீண்ட நாள் வலி. பெரிய தலைவலி உள்ளே தங்கிவிடும் ரத்தம்தான். குழாய் போட்டும் படத்தில் நிழல் மறையவில்லை என்றால், இரண்டாவது மூன்றாவது குழாய் போட்டுக்கொண்டே இருப்பதைவிட, முதல் வாரத்துக்குள் காமிரா வைத்துக் கழுவுவது நல்லது. விட்டால் சீழாகும், அல்லது நுரையீரலைச் சுற்றித் தடித்த உறையாகி அதை விரியவிடாது. படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் உறையும். அதற்கு ஹெப்பாரின் ஊசி போடுகிறார்களா என்று கேளுங்கள்.

பிறகு

மறுநாளே உட்கார வேண்டும், நடக்க வேண்டும், பாட்டிலைக் கையில் தொங்கவிட்டபடியே. காற்றுக் குமிழி நின்று, ஒரு நாளில் வடிவது 200 மி.லி.க்குக் கீழே வந்தால் குழாயை எடுப்பார்கள். ட்ரமடால் எடுப்பவருக்கு மலச்சிக்கல் வரும். முக்கினால் நெஞ்சு கொல்லும், மூச்சைப் பிடிக்க வேண்டியிருக்கும். மட்டிப்பழம் மட்டும் போதாது, மலமிளக்கி எழுதித் தரச் சொல்லுங்கள். தூங்கும்போது முதுகுக்குப் பின் இரண்டு மூன்று தலையணை வைத்துச் சாய்ந்து படுப்பது சுகம்.

வீட்டுக்கு வந்த பிறகும் இரண்டு வாரம் கவனம் வேண்டும். நெஞ்சுக்குள் ரத்தம் தாமதமாகச் சேர்வது விலா முறிவில் தெரிந்த விஷயம், ஆபரேஷன் செய்யாதவருக்கும் வரும். மூச்சு திடீரெனக் கூடினால், காய்ச்சலோடு மஞ்சள் சளி வந்தால், கீறலில் நீர் வடிந்தால், புதிதாகக் ‘கிளிக்’ சத்தம் கேட்டால் உடனே திரும்புங்கள். தகட்டை வழக்கமாக எடுப்பதில்லை. பிற்காலத்தில் எம்.ஆர்.ஐ. எடுக்க நேர்ந்தால் டைட்டானியம் தகடு இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள், பெரும்பாலும் தடையில்லை. பீடி, சிகரெட் எலும்பு கூடுவதையும் தடுக்கும்.

ஆறு வாரம்வரை 4, 5 கிலோவுக்கு மேல் தூக்கவும் டூவீலர் ஓட்டவும் வேண்டாம். ரப்பர் பால் வெட்டு ஆறு எட்டு வாரத்தில் தொடங்கலாம், பால் வாளியைச் சுமக்க வேறு ஆள் வேண்டும். வலை இழுப்பதும் மரம் ஏறுவதும் குறைந்தது மூன்று மாதம் கழித்து, படம் பார்த்து டாக்டர் சொன்ன பிறகு. பனையேறுபவர் நெஞ்சை மரத்தோடு அணைத்துத்தான் ஏறுகிறார் என்பதை டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். வளைகுடாவுக்குத் திரும்ப வேண்டியவர், நுரையீரலுக்கு வெளியே காற்று முழுதாக மறைந்தது என்று எக்ஸ்ரே காட்டிய நாளிலிருந்து இரண்டு வாரம் கழித்து விமானம் ஏறலாம். விசா தேதி நெருங்குகிறது என்று அதற்கு முன் ஏற வேண்டாம். மேலே போகப் போக அடைபட்ட காற்று விரியும். டாக்டரின் கடிதத்தையும் அந்த எக்ஸ்ரே படத்தையும் கையில் வைத்திருங்கள்.

கடலில் மூழ்கிச் சிப்பி எடுப்பவர்களுக்குத் தனிக் கணக்கு. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரட்டிப்பாகி, நுரையீரலின் காற்று பாதியாகச் சுருங்கும். கூடாத விலாவின்மேல் அந்த அழுத்தம் முழுதும் விழும். சி.டி.யில் எலும்பு கூடியதும் நுரையீரல் முழுதாக விரிந்ததும் தெரிந்து, நெஞ்சுநோய் மருத்துவர் எழுதிக் கொடுக்கும்வரை மூழ்கக்கூடாது. அந்த சீசன் போனாலும் சரி.